சுற்றுகிறவனும் ஊற்றுகிறவளும்

மார்ச் 11, சனி

சந்தை. காலையில் கடும் பனி. மேசைத்துணி விறைத்து அட்டை மாதிரி நின்றது. ஒன்பதரைக்கு மேல்தான் ஆட்கள் வந்தார்கள்.

பாரீஸ்காரி ஒருத்தி நம் கேக்கைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இந்தக் கொம்பெல்லாம் அச்சுல வார்த்ததா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆர்லெத் முந்திக்கொண்டாள். நல்லதுதான், நான் திறந்திருந்தால் ஒரு வியாபாரம் போயிருக்கும்.

"அச்சே கெடையாதும்மா. எங்க அண்ணன் மரக்கூம்பைக் கம்பியில மாட்டித் தீக்கு முன்னாடி சுத்துவாரு. நான் கரண்டியால மாவை மேல ஊத்துவேன். சொட்டுறது சொட்டுறபடியே வெந்து கொம்பாயிடும். அஞ்சு மணி நேரம்."

"நடுவுல ஓய்வு?"

"சுத்துறத நிறுத்தினா மொத்தமும் கழண்டு சாம்பல்ல விழுந்துரும். ரெண்டு கையும் கைப்பிடியிலயே இருக்கணும். இவருக்கு மூக்கு அரிச்சாக்கூட நான்தான் சொறிஞ்சு விடணும்."

பாரீஸ்காரி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்கிப் போனாள். என் மூக்கை வைத்து வியாபாரம் நடக்கிறது.

வேளாண் சங்கத்தில் வருஷா வருஷம் கொடுக்கும் இந்த டைரியில் நான் எழுதுவது மழை, விறகு, கோழி, அவ்வளவுதான். இன்று கூடுதலாக ஒன்று: ஆர்லெத் புதுக் கழுத்துத்துணி கட்டியிருந்தாள். பச்சைப் பட்டு. தீ முன்னால் உட்காருகிறவளுக்குப் பட்டு எதற்கு என்றேன். "தீக்கு முன்னாடி கட்டுறதுக்கு இல்லண்ணா" என்றாள். பின்னே எதற்கு என்று நான் கேட்கவில்லை. பக்கத்துக் கடை ஜிஸ்லேன் ஆட்டுப்பால் சீஸை அடுக்கிக்கொண்டே தனக்குள் சிரித்தாள். அவள் எதற்கும் சிரிப்பாள்.

மார்ச் 28, செவ்வாய்

ஆர்லெத் மூத்தோர் சங்கத்துப் பஸ்ஸில் போயிருக்கிறாள். மாதக் கடைசிச் செவ்வாய் தோறும் ஒரு பழைய கோவில் அல்லது கோட்டை, பிறகு ஒரு ஊர்ச் சந்தை, நடுவில் மூன்று மணி நேரச் சாப்பாடு. அவளுக்கு ஐம்பத்தைந்துதான். பஸ் நிரம்பினால் போதும் என்று வயதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கல்லைப் பார்க்கவா காசு கொடுத்துப் போகிறாய், நம் வயலில் இல்லாத கல்லா என்று சொல்லிப் பார்த்தேன். ஜனவரியிலிருந்து ஒன்றுகூட விடவில்லை.

மத்தியானம் நேற்றைய சூப்பைச் சூடு பண்ணிக் குடித்தேன். கோழிகளோடு கொஞ்ச நேரம் பேசினேன். அவை என்னைவிடக் கூடுதலாகப் பேசின.

ஆறு மணிக்கு வந்தாள். தொப்பியைக் கழற்றாமலே ஆரம்பித்தாள்.

"அண்ணா, அந்த மடத்துக் கோவில்ல, தூண் உச்சியில, கல்லுல ஒரு ஆளு. முக்காலியில உக்காந்து வாத்தைக் கம்பியில குத்திச் சுத்திட்டிருக்கான். தொள்ளாயிரம் வருஷமாச்சாம். அப்படியே உன் மூஞ்சி! அந்த உம்முனு இருக்கிறது, கீழ் உதட்டைத் தள்ளிக்கிறது, எல்லாம். நீ ஒரு தடவ வந்து பாக்கணும்."

"என் மூஞ்சியப் பாக்க நான் எதுக்கு அறுபது கிலோமீட்டர் போகணும்? சவரம் பண்ணும்போது தெனம் பாக்குறேன்."

சிரித்தாள். ஆனால் கண் சிவந்திருந்தது. பஸ்ஸில் தூங்கியிருப்பாள்.

ஏப்ரல் 7, வெள்ளி

சுட்டோம். விறகு ஈரம், கண் எரிச்சல். ஊற்றும்போது ஆர்லெத் எப்போதும் ஒரு பாட்டை முனகுவாள், வார்த்தையே இல்லாதது. இன்று மெட்டு வேறு.

ஏப்ரல் 25, செவ்வாய்

இன்று பஸ் எங்கள் சந்துக்குள் வந்தது. வழக்கமாக நாற்சந்தியோடு நின்றுவிடும். ஐம்பது பேர் உட்காரும் பஸ், உள்ளே ஆர்லெத் ஒருத்திதான். மற்றவர்களை எல்லாம் முன்னாலேயே இறக்கியாயிற்று போலும். கையில் ஒரு கூடை ஸ்ட்ராபெர்ரியோடு ராணி மாதிரி இறங்கினாள். திரும்ப இடம் இல்லாததால் டிரைவர் முக்கால் கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே போனான். வேலியில் ஒரு கிளைகூட ஒடியவில்லை. நன்றாகத்தான் ஓட்டுகிறான்.

எதற்கு வீடு வரைக்கும்?

ஸ்ட்ராபெர்ரி கனமாக இருந்தது என்றாள். முழுக் கிலோ இருக்குமா அது.

மே 6, சனி

சந்தையில் எனக்கு மட்டும்தான் தெரியாதாம்!

ஆர்லெத் காபி வாங்கப் போன நேரம் பார்த்து ஜிஸ்லேன் என் பக்கம் சாய்ந்தாள். "யோவ் ஃபிர்மேன், உன் தங்கச்சி கல்லைப் பாக்கப் போறான்னா நெனச்சிட்டிருக்கே?"

"பின்ன?"

"பஸ் ஓட்டுறாரே லூசியேன், அவரைப் பாக்கப் போறா. பொண்டாட்டி செத்து ஒம்பது வருஷமாச்சு, நல்ல மனுஷன். மீன்காரனுக்குத் தெரியும், பூக்காரிக்குத் தெரியும், வரி வசூலிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். நீ சுத்திட்டே இரு."

ரொட்டி வெட்டும்போது விரலைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டேன்.

மே 7, ஞாயிறு

அவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நல்ல வெயில்.

மே 14, ஞாயிறு

வந்தான். லூசியேனைச் சாப்பிடக் கூப்பிட்டாளாம். சொன்னது காலையில். உருளைக்கிழங்கும் இளம் சீஸும் போட்டு அலிகோ கிண்டியிருந்தாள். கரண்டியைத் தூக்கினால் கயிறு மாதிரி ஒரு கஜம் இழுக்கும். விருந்தாளிக்குத்தான் அதைச் செய்வாள். எனக்கு மட்டும் என்றால் வெறும் மசியல்.

எங்கள் மேட்டு ஊர்களில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கன்னத்துக்கு முத்தம் மூன்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு. அவன் அந்தப் பக்கத்து ஆள். ஆர்லெத் மூன்றாவதற்குக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்க, அவன் நிமிர்ந்துவிட்டான். இரண்டு பேருக்கும் முகம் சிவந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். என்னோடு கை குலுக்கினான். அது போதும்.

குறை கண்டுபிடிக்கலாம் என்று சாப்பாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பின் கடைசி இரண்டு வாயில் சிவப்பு ஒயினை ஊற்றிக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தான், எங்கள் அப்பா குடிக்கிற மாதிரியே. தட்டைத் தானே கழுவினான். கேக் சுடும் கொட்டகையைப் பார்த்து, "இந்த அடுப்பை யாரு கட்டினது, புகை அழகாப் போகுதே" என்றான். நான் கட்டியது. என்ன குறையைச் சொல்வது?

போனபின் ஆர்லெத் என்னையே பார்த்தாள்.

"மீசை அவ்வளவு நல்லாயில்ல" என்றேன்.

மே 26, வெள்ளி

சுட ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கூம்பு பொன் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆர்லெத் கரண்டியைத் தட்டில் வைக்காமலே சொன்னாள்.

"அண்ணா, அஞ்சு மணி நேரத்துக்கு நீ எழுந்து போக முடியாதுல்ல, அதான் இப்பச் சொல்றேன். லூசியேன் என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டிருக்காரு. செப்டம்பர்ல."

நான் சுற்றினேன்.

"அவரு வீடு ஆத்தோரம். இங்கேர்ந்து ஒன்றரை மணி நேரம். பஸ் வேலையை விட்டுட்டு இங்க வர முடியாது. நான்தான் போகணும்."

சுற்றினேன்.

"அண்ணன்கிட்டக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். உன்னை மீறிப் போக மாட்டேன். உனக்கே தெரியும்."

அம்மா போனதிலிருந்து இருபத்திரண்டு வருஷம் இதே இரண்டு முக்காலி. இவள் வலது பக்கம், நான் இடது பக்கம். எவ்வளவோ சொல்லியிருக்கலாம். சந்தோஷம் என்று ஒரு வார்த்தை. என்ன சொன்னேன் தெரியுமா?

"ஊத்து. இந்தப் பக்கம் காயுது."

ஊற்றினாள். மீதி நாலு மணி நேரமும் ஊற்றினாள். பாட்டு முனகல் இல்லை.

ஜூன் 9, வெள்ளி

இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. நான் தனியாக எப்படிக் கேக் சுடுவது? தெரியும், கேள்வி அது இல்லை. சாயங்காலம் யார் எதிரே உட்கார்ந்து சூப் குடிப்பது? அதுதான் கேள்வி. எழுதிவிட்டேன், யார் படிக்கப் போகிறார்கள்.

ஜூன் 24, சனி, புனித யோவான் திருவிழா

எப்படி எழுதுவது?

திருவிழாச் சந்தை. வருஷா வருஷம் போல அடுப்பைச் சதுக்கத்திலேயே போட்டு எல்லார் முன்னாலும் சுட்டோம். பதினொரு மணிக்கு லூசியேனின் பஸ் வந்தது. வேறு ஊர்ச் சங்கம், காலையில் கோட்டை, இப்போது நம் சந்தை. ஐம்பது பேரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். அவனும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அதற்குள் மூன்று மணி நேரம் வெந்திருந்த கேக். முப்பத்தாறு முட்டை, முழங்கை உயரம். இந்த வருஷத்திலேயே அழகானது.

ஒரு கிழவி கேட்டாள். "நீங்க புருஷன் பொண்டாட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். "இல்லம்மா, அண்ணன்" என்றாள் ஆர்லெத்.

"அப்ப நம்ம லூசியேனோட கல்யாணப் பொண்ணு நீதானா! வழியெல்லாம் உன் பேச்சுத்தான். செப்டம்பராமே!"

நான் இன்னும் சரி என்று சொல்லவே இல்லை. அவன் பஸ் முழுக்கச் சொல்லியிருக்கிறான். ஐம்பது பேரும் கை தட்டினார்கள். ஆர்லெத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை, இந்த ஐம்பத்தைந்து வருஷத்தில்.

கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன்.

நழுவவில்லை. எடுத்தேன். இரண்டு கையையும்.

முதலில் ஒரு பக்கம் தொங்கியது, பிறகு மொத்தமும் ஈர மண் மாதிரி கழன்று சாம்பலில் விழுந்தது. "ஐயோ, கை வழுக்கிருச்சு பாவம்" என்று எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். ஒருவன் எனக்கு ஒயின் வாங்கிக் கொடுத்தான். நான் குடித்தேன்! ஆர்லெத் மண்டி போட்டுத் துண்டுகளைப் பொறுக்கினாள். லூசியேனும் வந்து பொறுக்கினான்.

ஜூன் 25, ஞாயிறு

காலையில் காபி ஊற்றும்போது சொன்னாள். "லூசியேனுக்கு வேண்டாம்னு போன்ல சொல்லிட்டேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. உண்மையை எழுதுகிறேன்: மத்தியானம் வரை எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 27, செவ்வாய்

மாதக் கடைசிச் செவ்வாய். ஆர்லெத் போகவில்லை. எட்டு மணிக்கு நாற்சந்தியில் ஹாரன் கேட்டது. ஒரே ஒரு தடவை. அவரைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. தண்ணீர் பாத்தி நிரம்பி வழிந்து அவள் செருப்பு நனைந்தது.

ஜூலை 14, வெள்ளி

தேசிய தினம், ஊரெல்லாம் விடுமுறை. நாங்கள் சுட்டோம். கேக் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. ஒரு கொம்பு கூட உடையவில்லை. பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

பச்சைத் துணியைத் துவைத்துத் தேய்த்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். என்ன செய்துவிட்டாயடா ஃபிர்மேன்.

ஜூலை 22, சனி

ஜிஸ்லேன் நாலு வாரமாக என்னோடு பேசவில்லை. வெயிலுக்கு என்று நினைத்திருந்தேன். இன்று கடை எடுக்கும்போது நேரே வந்தாள்.

"கையை எடுத்தேல்ல?"

"என்னது?"

"நடிக்காதே. நான் எதிர்க்கத்தான் நின்னேன். சீஸ் விக்கிறவதான், குருடி இல்ல. ரெண்டு புருஷனோட வாழ்ந்தவ நான், ஒரு ஆம்பள எப்ப வேணும்னே ஒண்ணைக் கீழ போடுவான்னு எனக்குத் தெரியாதா?"

"யாருகிட்ட சொன்னே?"

"யாருகிட்டயும் சொல்லல. அதான் தொண்டையில நிக்குது. நீயே சொல்லு அவகிட்ட. இல்லேன்னா இனிமே என் மேசைப் பக்கம் உன் கடைக் குடைய விரிக்காதே."

ஜூலை 28, வெள்ளி

சொல்லிவிட்டேன். அவள் செய்த மாதிரியேதான். தீ மூட்டி, முதல் சுற்று வெந்து, அவளும் எழுந்து போக முடியாது என்று ஆன பிறகு.

"ஆர்லெத், திருவிழா அன்னிக்குக் கை வழுக்கல. நானா எடுத்தேன்."

கரண்டி நிற்கவே இல்லை. ஊற்றிக்கொண்டே சொன்னாள். "தெரியும்ண்ணா."

"தெரியுமா?"

"இருபத்திரண்டு வருஷமா உன் கைக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். வழுக்குற கையா அது?"

"அப்புறம் எதுக்கு அவனை வேண்டாம்னே? என் மேல கோவம் வந்திருக்கணும்ல? பையைத் தூக்கிட்டுப் போயிருக்கணும்ல?"

"கோவம் வந்துச்சு. சாம்பலைப் பொறுக்கும்போது நல்லா வந்துச்சு. அப்புறம் நெனச்சேன், அம்மா செத்த அன்னிக்குக்கூட நீ சுத்துறத நிறுத்தல. வந்த ஆர்டரை முடிச்சுட்டுத்தான் எழுந்தே. அந்தக் கையை நீ எடுத்திருக்கேன்னா உனக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்? அவ்வளவு வலிக்கிற ஆளை விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

தீ கண்ணைக் கரித்தது. துடைக்கக் கை இல்லை. அவள்தான் ஏப்ரன் நுனியால் துடைத்துவிட்டாள், ஒரு பக்கம் ஊற்றிக்கொண்டே.

"நீ போ" என்றேன். "நீ போகலேன்னா நான் இனிமே சுத்த மாட்டேன். இப்பவே நிறுத்துவேன்."

"இப்ப நிறுத்தாதே! நடு வேக்காடு!"

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் சிரிப்பு நின்றது. "அவருதான் போன்கூடப் பண்றதில்லண்ணா. நான் சொன்ன சொல்லுக்கு மனுஷன் மறுபேச்சே பேசல. சரின்னுட்டாரு. நான் இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்பிடுறது?"

அந்த மூஞ்சி நான் கொடுக்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஏரிக்கரைச் சந்தைக்குப் போனேன். கோடையில் வியாழன் தோறும் அவன் பஸ் அங்கே நிற்கும் என்று ஜிஸ்லேன் சொன்னாள். இருபது நிமிஷம் வாத்துக் கடைக்குப் பின்னால் நின்றேன். பிறகு போய்க் கதவைத் தட்டினேன். தனியாக உட்கார்ந்து ரொட்டியும் உப்புக்கண்டமும் தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து தலையை மேலே இடித்துக்கொண்டான்.

ஏறினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சுற்றுலாப் பஸ்ஸில்.

எல்லாவற்றையும் சொன்னேன். கையை எடுத்தது, ஒயின் குடித்தது, மத்தியானம் வரை சந்தோஷப்பட்டது. அவன் கத்தியை மடித்துப் பையில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று நின்றேன். ஸ்டியரிங் பக்கத்துப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே ஒரு கேக் கொம்பு, சாம்பல் ஒட்டினது. கல் மாதிரி இறுகியிருந்தது.

"அன்னிக்குப் பொறுக்கும்போது எடுத்து வெச்சேங்க. அவங்க கையால ஊத்தினது வேற எதுவும் எங்கிட்ட இல்ல."

"எறும்பு வரும்" என்றேன்.

"பஸ்ல ஊரெல்லாம் சொன்னது என் தப்புங்க. உங்க சம்மதம் வரும் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது. வாய் நிக்கல."

பிறகு நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க வீட்டுல கல்யாணப் பொண்ணு தன் கல்யாணக் கேக்குல கை வைக்கக் கூடாது. அம்மா வெச்ச வழக்கம். அதனால எனக்கு ஊத்த ஆள் வேணும்."

அவனுக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் சொன்னான். "எனக்கு ஊத்தத் தெரியாதுங்களே."

"எனக்கும் தங்கச்சியைக் கட்டிக் கொடுக்கத் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கலாம்."

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பஸ் சந்துக்குள் வந்தது. நான் கொல்லைப்பக்கம் போய் விறகு வெட்டினேன். வேண்டிய விறகு ஏற்கெனவே வெட்டியாயிற்று. இருந்தாலும் வெட்டினேன்.

செப்டம்பர் 14, வியாழன்

ஆர்லெத்தை ஜிஸ்லேன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். அவள் முக்காலியில் அவன். கால் நீளம், முட்டி காதுக்கு வந்தது.

முதல் மணி நேரம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்தினேன். "அவ்வளவு இல்ல! கொஞ்சமா! கூம்போட நுனியை விட்டுட்டீங்க!" "இதுதானா நுனி?" "பின்ன என் தலையா?" மாவு அவன் மீசையில், என் சட்டையில், நாயின் மேல். நாய்க்கு மட்டும் குறையே இல்லை.

மூன்றாவது மணி நேரம் என் மூக்கு அரித்தது. பொறுத்தேன். மூஞ்சியை இப்படிக் கோணினேன், அப்படிக் கோணினேன். அவன் கரண்டியை இடது கைக்கு மாற்றி, விரலை நீட்டிச் சொறிந்துவிட்டான். "ஆர்லெத் சொல்லியிருக்காங்க" என்றான்.

மூக்கைச் சொறிந்துவிட்டவனை எப்படி நீங்க என்று கூப்பிடுவது? "போதும்டா, தோல் உரியுது" என்றேன். "சரி மச்சான்" என்றான் அவன்.

அதற்குப் பிறகு பேசினான். முன்னால் பேசினதெல்லாம் பேச்சே இல்லை. மனைவி போனதைச் சொன்னான். "வீடு காலியா இருக்கிறது பழகிருச்சு மச்சான். கடைசி ஆளை இறக்கிவிட்டுட்டு, அம்பது காலி சீட்டையும் இழுத்துக்கிட்டு ஓட்டிட்டுப் போறது பாரு, அது மட்டும் ஒம்பது வருஷமாப் பழகல. ஒரு நாள் ஆர்லெத் முன் சீட்டுல வந்து உக்காந்து, கடைசியா இறங்கறேன்னாங்க."

அந்த ஸ்ட்ராபெர்ரி நாள்.

கேக் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கொம்புகள் கன்னாபின்னா. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு கோணலாக ஒன்று என் கொட்டகையிலிருந்து வெளியே போனதில்லை. சாயங்காலம் ஆர்லெத் வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் கூம்பைக் கட்டிக்கொண்டாள்.

"தொடாதே!" என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம்.

செப்டம்பர் 16, சனி

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சனிக்கிழமை கடை போடவில்லை. ஊராட்சி மன்றத்தில் கல்யாணக் கையெழுத்து. பச்சைத் துணி கட்டியிருந்தாள். கேக் சாய்ந்தே நின்றது, விழவில்லை. லூசியேன் என் கன்னத்தில் இரண்டு முத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தான், என் மூஞ்சியைப் பார்த்தான், திரும்பக் குனிந்து மூன்றாவதையும் கொடுத்தான். நான் அழுதேன் என்று ஜிஸ்லேன் சந்தை முழுக்கச் சொல்வாள். அழுதேன்தான்.

செப்டம்பர் 18, திங்கள்

இரண்டு பேருக்குச் சூப் வைத்துவிட்டேன். நாளைக்கு ஆகும்.

செப்டம்பர் 22, வெள்ளி

ஏழு மணிக்குக் கொட்டகைக் கதவில் ஜிஸ்லேன். ஏப்ரனோடு.

"உனக்குச் சீஸ் வேலை இல்லையா?"

"ஆடு என்னை விட்டு ஓடிறாது. கரண்டியக் குடு."

பேசிக்கொண்டே ஊற்றுகிறாள். பேச்சு சுவாரசியமான இடத்துக்கு வந்தால் ஊற்ற மறந்துவிடுகிறாள். கேக்கில் ஒரு பக்கம் கொம்பு, ஒரு பக்கம் வழுக்கை. இதையும் ஒருவன் வாங்கினான், அழகு என்றான்.

அக்டோபர் 31, செவ்வாய்

மூத்தோர் சங்கத்துப் பஸ்ஸில் போனேன். என்னை ஏற்றும்போது லூசியேன் ஹாரனை ஒரு தடவை அடித்தான், நாற்சந்தி அதிர. முன் சீட்டில் ஆர்லெத். கொஞ்சம் சதை பிடித்திருக்கிறாள். பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள்.

சந்தையில் செஸ்ட்நட் வாங்கினோம். அங்கே விற்ற கம்பிக் கேக்கையும் தின்று பார்த்தேன். ஆரஞ்சுப்பூத் தண்ணீர் ஜாஸ்தி. சாப்பாடு மூன்று மணி நேரம்தான் ஆனது, பொய் இல்லை.

பிறகு அந்த மடத்துக் கோவில். இடது பக்கம் நாலாவது தூண் என்று ஆர்லெத் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அண்ணாந்து பார்த்தேன். இருக்கிறான். முக்காலி, கம்பி, வாத்து. உம்மென்ற மூஞ்சி. கீழ் உதடு. சரி, என் மூஞ்சிதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவன் தனியாக இல்லை. எதிரே இன்னொரு உருவம் இருந்திருக்கிறது. எப்போதோ உடைந்துபோய், உடம்பு இல்லை, முகம் இல்லை. மணிக்கட்டு வரை ஒரு கை மட்டும். கையில் கரண்டி. வாத்தின் மேல் நெய்யை ஊற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆர்லெத்தின் பக்கம் திரும்பினேன்.

"மார்ச்ல வந்து என் மூஞ்சிய மட்டுந்தானே சொன்னே. அந்தக் கையைப் பத்திச் சொல்லவே இல்லையே" என்றேன்.

ஆர்லெத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கையைப் பாத்துத்தாண்ணா அன்னிக்கு அழுதேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் மூஞ்சியச் சொல்லி வெச்சேன்."

லூசியேன் வாசலில் நின்று நேரமாகிறது என்று கையைக் காட்டினான். யாரும் அவசரப்படவில்லை.

திரும்பி வரும்போது எல்லாரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக என்னைச் சந்துக்குள்ளேயே கொண்டுவந்து விட்டான். முக்கால் கிலோமீட்டரும் ரிவர்ஸில் போனான், ஆர்லெத் முன் சீட்டிலிருந்து கையாட்டிக்கொண்டே.

நவம்பர் 28க்கும் பெயர் கொடுத்துவிட்டேன். இரண்டு சீட்டு. ஜிஸ்லேனுக்கு ஜன்னல் பக்கம்தான் வேண்டுமாம்.